கடைக்காரர் காசு, கம்பெனி விளம்பரம்!

ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் பலரும் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்திடும் பக்கங்கள்

அமெரிக்காவின் மயாமி நகரில் ஜாக்சன் மெமோரியல் என்றொரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அதையொட்டி இரண்டு சிறிய 'சப்வே' சாண்ட்விச் கடைகளை நடத்திவந்தார் ஸ்டூவர்ட் ஃபிராங்கெல். வாரநாள்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சனி, ஞாயிறு வந்தால் கடை ஈயாடும். 2004-ல் அவர் ஒரு காரியம் செய்தார். வாரக்கடைசியில் மட்டும் ஓரடி நீள சாண்ட்விச் 5 டாலர் என்று அறிவித்தார். வழக்கமான விலையைவிட ஏறக்குறைய ஒரு டாலர் குறைவு. வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது.

ஃபுளோரிடாவின் மற்ற சப்வே கடைக்காரர்களும் அதைப் பின்பற்றினார்கள். முதலில் சந்தேகத்தோடு பார்த்த தலைமையகம், 2008-ல் அதையே நாடு முழுவதற்குமான விளம்பரமாக்கியது. அந்த ஐந்து டாலர் பாட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓயாமல் ஒலித்தது. பொருளாதார மந்த காலம் வேறு. சப்வேக்கு அது பெரிய வெற்றி.

கதை அதோடு முடியவில்லை. 2017-ன் கடைசியில், 4.99 டாலருக்கு ஓரடி சாண்ட்விச் என்று மீண்டும் நாடு முழுவதும் விளம்பரம் செய்யத் தலைமையகம் கிளம்பியபோது, 400-க்கும் மேற்பட்ட கடைக்காரர்கள் எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டார்கள். வாடகை, கூலி, இறைச்சி விலை எல்லாம் ஏறியிருந்தன. அந்த விலைக்கு விற்றால் கையில் எதுவும் நிற்காது என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டு கம்பெனி இறங்கிவந்து, அந்தத் தள்ளுபடி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடைக்காரர்களிடமே விட்டது.

சாண்ட்விச் அதேதான், விலையும் ஏறக்குறைய அதேதான். 2004-ல் அந்த விளம்பரத்தை முடிவுசெய்தவரும் அதன் செலவைச் சுமந்தவரும் ஒரே ஆள். 2017-ல் முடிவெடுத்தவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். ஃபிரான்சைஸ் தொழிலில் விளம்பரத்தைப் பற்றி எழும் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

டீக்கடை, பிரியாணிக் கடை, மருந்துக்கடை, ஐஸ்கிரீம் பார்லர், மழலையர் பள்ளி என்று தமிழ்நாட்டில் ஃபிரான்சைஸ் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது டெபாசிட், ராயல்டி, கடை அளவு. விளம்பரம் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்ற பதில் வரும். கம்பெனி பார்த்துக்கொள்வது உண்மைதான். அது யார் காசில், யாரைக் கேட்டு, எந்த ஊருக்காக என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் நடுப்பக்கங்களில் இருக்கும்.

மூன்று கணக்குகள்

'விளம்பரச் செலவு' என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்டாலும், முழு வளர்ச்சி அடைந்த ஒரு ஃபிரான்சைஸ் அமைப்பில் கடைக்காரரின் பணம் மூன்று வழிகளில் போகிறது.

முதலாவது, பொது விளம்பர நிதி. எல்லாக் கடைகளும் விற்பனையில் ஒரு சதவீதத்தைக் கட்ட, தொலைக்காட்சி, சமூக ஊடகம், நடிகர் ஒப்பந்தம் போன்ற பெரிய செலவுகள் அதிலிருந்து நடக்கும். இரண்டாவது, வட்டாரக் கூட்டு. ஒரு நகரத்தில் இருக்கும் கடைகளெல்லாம் சேர்ந்து அந்த ஊர் வானொலியிலோ செய்தித்தாளிலோ விளம்பரம் செய்வது. மூன்றாவது, உள்ளூர் விளம்பரம். கடைக்காரர் தன் தெருவுக்காக, தன் பேட்டைக்காகத் தானே செலவழிக்க வேண்டிய தொகை. பல ஒப்பந்தங்களில் இது விருப்பமல்ல, கடமை. மாதம் இத்தனை சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கும்.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர் விற்பனையில் குறைந்தது 4 சதவீதத்தை விளம்பரத்துக்குச் செலவிட வேண்டும். தேசிய நிதிக்கும் வட்டாரக் கூட்டுக்கும் கட்டுவது எல்லாம் அதில் அடங்கும். சப்வேயில் ராயல்டி 8 சதவீதம், விளம்பரப் பங்கு 4.5 சதவீதம். இரண்டும் விற்பனையின் மீது. லாபத்தின் மீதல்ல.

உள்ளூர் விளம்பரத்தைச் சில்லறைச் செலவு என்று நினைத்துவிடக் கூடாது. உலகம் முழுக்கத் தெரிந்த ரொனால்ட் மெக்டொனால்ட் கோமாளி சிகாகோ தலைமையகத்தில் பிறந்தவன் அல்ல. வாஷிங்டன் வட்டாரத்தில் கடைகள் நடத்திய ஜான் கிப்சன், ஆஸ்கர் கோல்ட்ஸ்டீன் என்ற இரு உரிமதாரர்கள், அந்த ஊர்த் தொலைக்காட்சியில் 'போசோ' என்ற கோமாளியின் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர்களாக இருந்தார்கள். நிகழ்ச்சி நின்றுபோனதும், போசோவாக நடித்த வில்லார்ட் ஸ்காட்டையே வைத்து 1963-ல் தங்களுக்கென்று ஒரு கோமாளியை உருவாக்கினார்கள். உள்ளூர்க் கடைக்காரர்களின் அந்த யோசனையைப் பிறகு கம்பெனி நாடு முழுக்கக் கொண்டுபோனது. தெருவை அறிந்தவர் செய்யும் விளம்பரத்துக்கு உள்ள பலத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அந்தப் பலத்தால் வளர்ந்த சொத்து கடைசியில் யார் பெயரில் நிற்கும் என்பதற்கும் இதுவே சாட்சி.

சதவீதம் காட்டும் மாயம்

"மூணு பர்சென்ட்தானே சார்" என்பார் விற்பனைப் பிரதிநிதி. ஒரு கணக்குக்காக, மாதம் 6 லட்சம் ரூபாய் விற்கும் ஒரு சிற்றுண்டிக் கடையை எடுத்துக்கொள்வோம். சரக்கு, வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போக, கம்பெனிக்குக் கட்டும் முன் கையில் 15 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம்.

ராயல்டி 5 சதவீதம்: 30,000. பொது விளம்பர நிதி 2 சதவீதம்: 12,000. கட்டாய உள்ளூர் விளம்பரம் 1 சதவீதம்: 6,000. கம்பெனிக்குக் கட்டும் 42,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி: 7,560. ஆக மொத்தம் 55,560 ரூபாய். கடைக்காரருக்கு மிஞ்சுவது 34,440.

இதில் விளம்பரம் மட்டும், அதற்கான ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து, 20,160 ரூபாய். காகிதத்தில் 3 சதவீதமாக இருந்தது, கையில் நின்ற 90,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது.

ஜி.எஸ்.டி. சங்கதி பலருக்கும் பின்னால்தான் உறைக்கும். துணிக்கடையோ மருந்துக்கடையோ என்றால், கம்பெனிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். 5 சதவீத வரியில் இயங்கும் சாதாரண உணவகத்துக்கு 2017 நவம்பரிலிருந்து அந்த வசதி கிடையாது. ராயல்டிக்கும் விளம்பரப் பங்குக்கும் கட்டும் 18 சதவீதம் முழுக்கச் செலவுதான். 2 சதவீதம் என்று எழுதியிருந்தால் 2.36 சதவீதம் என்று படிக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகளுக்கும் இதே கதிதான்.

இன்னொரு வரியையும் கவனிக்க வேண்டும்: 'விற்பனையில் இத்தனை சதவீதம் அல்லது இத்தனை ரூபாய், இதில் எது அதிகமோ அது'. கடை நன்றாக ஓடும் மாதத்தில் சதவீதம் பேசும். மழைக்காலத்தில், சாலை தோண்டிப் போட்டிருக்கும் மாதத்தில் ரூபாய் பேசும். வியாபாரம் படுத்த மாதத்திலும் விளம்பரக் கடமை படுக்காது.

உள்ளூர் விளம்பரத்தின் சின்ன எழுத்துகள்

உள்ளூர் விளம்பரப் பிரிவில் பொதுவாக இருக்கும் நிபந்தனைகளை வரிசையாகப் பார்த்தால், கடைக்காரரின் கையில் இருப்பது செலவு மட்டும்தான், சுதந்திரம் அல்ல என்பது புரியும்.

திறப்பு விழா விளம்பரம் முதலில் வரும். கடை திறந்த முதல் சில வாரங்களுக்குள் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தே ஆக வேண்டும். மொத்த முதலீட்டைக் கணக்குப் போடும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது முன் அனுமதி. துண்டுப் பிரசுரம், ஆட்டோவின் பின்பலகை, கேபிள் டிவி ஸ்க்ரோல், வாட்ஸ்அப் படம் எதுவானாலும் கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். லோகோவின் நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இது நியாயமான நிபந்தனை. ஒரு கடைக்காரரின் அசட்டு விளம்பரம் எல்லாக் கடைகளின் பெயரையும் கெடுக்கும். ஆனால் எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கம்பெனியைக் கட்டும் வரி இல்லாவிட்டால், ஆடித் தள்ளுபடிக்குக் கேட்ட அனுமதி ஆவணியில் வரும். இத்தனை நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளலாம், அல்லது மறுத்ததாகக் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் இரண்டில் ஒன்றைச் சொல்லும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மூன்றாவது, பில். எவ்வளவு செலவழித்தோம் என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். நம் ஊர் விளம்பரத்தில் பாதி ரசீதே இல்லாதது. கோயில் திருவிழா உபயப் பலகை, பள்ளி ஆண்டுவிழா மலருக்குக் கொடுத்த காசு, கபடிப் போட்டிக்குக் கொடுத்த கோப்பை, தை மாதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சிவகாசி தினசரிக் காலண்டர், கடைப் பெயர் அச்சடித்த மஞ்சப்பை. இவையெல்லாம் 'உள்ளூர் விளம்பரம்' என்று கம்பெனி ஏற்குமா? ஒப்பந்தத்தில் பட்டியல் இருக்கும். அதில் இல்லாதது கணக்கில் வராது. குறைந்தபட்சத் தொகையைச் செலவழித்ததாக நிரூபிக்க முடியாவிட்டால், மீதியைப் பொது நிதிக்குக் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு.

நான்காவது, இணையம். கடைக்குத் தனியாக இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கலாமா, கூகுள் மேப்பில் கடையின் பக்கத்தை யார் நிர்வகிப்பது, வீட்டுக்கு டெலிவரி செய்யும் செயலிகளில் தரும் தள்ளுபடி யார் கணக்கு? இப்போது அதிகம் உரசல் வருவது இங்கேதான். கடைக்காரர் ஐந்து வருடம் உழைத்துச் சேர்த்த ஆயிரம் ஐந்து நட்சத்திர மதிப்பீடுகள், ஒப்பந்தம் முடிந்த அன்று கம்பெனியோடு போய்விடும். தொலைபேசி எண்ணையும் ஒப்படைக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

நிதியைக் கையில் வைத்திருப்பது யார்?

கட்டுகிறவர்கள் கடைக்காரர்கள். ஆனால் அந்த நிதி அவர்களுடையதா? அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

மைனிகி என்பது கார்களின் சைலன்சர் மாற்றிக் கொடுக்கும் கடைகளின் தொடர். அதன் கடைக்காரர்கள் வார விற்பனையில் 10 சதவீதம் அளவுக்கு விளம்பரத்துக்குக் கட்டிவந்தார்கள். கம்பெனியோ தனக்குச் சொந்தமான ஒரு விளம்பர ஏஜென்சியை வைத்து, அந்தப் பணத்திலிருந்தே கமிஷன் எடுத்துக்கொள்கிறது என்று கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வட கரோலினாவில் நடந்த விசாரணையில் வென்றார்கள். 1997-ல் 39 கோடி டாலர் தீர்ப்பு. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைகளின் ஒப்பந்தங்கள் ஒன்றுபோல் இல்லாததால் எல்லோரையும் ஒரே வழக்கில் சேர்த்தது தவறு. ஒப்பந்த மீறலை மோசடியாக ஊதிப் பெருக்க முடியாது. கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் இடையில் இருப்பது வியாபார ஒப்பந்தமே தவிர, பிறர் பணத்தைக் காக்கும் தர்மகர்த்தாவின் பொறுப்பு அல்ல என்பது அதன் சாரம்.

இன்னொரு பக்கம் கே.எஃப்.சி. 2009-ல் தலைமையகம் வறுத்த கோழியை ஓரம்தள்ளி, தீயில் சுட்ட கோழியை முன்னிறுத்தி விளம்பரம் செய்ய முடிவெடுத்தது. அந்த மே மாதம் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இலவசக் கூப்பன் அறிவிப்பு வந்தது. இணையத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கூப்பன்கள் இறக்கப்பட்டன. கடைகளில் கோழி தீர்ந்துபோனது. சில நாள்களிலேயே சலுகையை நிறுத்த வேண்டியதாயிற்று. கவுன்டரில் நின்று வசவு வாங்கியவர்கள் கடைக்காரர்களும் அவர்களுடைய ஊழியர்களும்.

வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருவது வறுத்த கோழிக்காகத்தான் என்று நம்பிய கடைக்காரர்கள், 2010-ல் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கே.எஃப்.சி.யில் தேசிய விளம்பரத் திட்டத்தை முடிவுசெய்ய ஒரு கூட்டுறவு அமைப்பு உண்டு. அதன் குழுவில் பெரும்பான்மை கடைக்காரர்களின் பிரதிநிதிகள். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த அமைப்பின் ஆவணம் விளம்பரத் திட்டத்தைத் திருத்தவும் அங்கீகரிக்கவும் குழுவுக்கு அதிகாரம் தருகிறது என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. தலைமையகம் தன் விருப்பத்தை மட்டும் திணிக்க முடியாது.

மைனிகி கடைக்காரர்கள் தோற்றதற்கும் கே.எஃப்.சி. கடைக்காரர்கள் வென்றதற்கும் யார் பக்கம் நியாயம் அதிகம் என்பது காரணமல்ல. கே.எஃப்.சி.யில் கடைக்காரர்களின் ஓட்டுரிமை காகிதத்தில் இருந்தது.

விலை குறைப்பும் விளம்பரம்தான்

விளம்பரக் கடமை என்பது கட்டும் தொகையோடு முடிவதில்லை. விளம்பரத்தில் சொன்ன விலைக்கு விற்பதும் கடமையாகிவிடுகிறது. அமெரிக்காவில் பர்கர் கிங் 2009-ல் இரட்டைச் சீஸ் பர்கரை 1 டாலருக்கு விற்கச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் கைநஷ்டம் என்று கடைக்காரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. அதிகபட்ச விலையை நிர்ணயிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்பது கம்பெனியின் வாதம். இழுபறிக்குப் பிறகு 2011-ல் சமரசமானது.

பர்கர் கிங் பிறகு வேறு வழிக்கும் வந்தது. 2022-ல் அமெரிக்கக் கடைகளைத் தூக்கி நிறுத்த 40 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் 15 கோடி விளம்பரத்துக்கும் டிஜிட்டல் வேலைகளுக்கும். முதலில் கம்பெனி தன் பணத்தைப் போடும். கடைகளின் லாபம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டால், அதன் பிறகு கடைக்காரர்கள் தங்கள் விளம்பரப் பங்கைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். விளம்பரத்தால் லாபம் வந்தது என்று காட்டிவிட்டுக் கூடுதல் பங்கு கேட்கும் இந்த ஏற்பாட்டில், கடைக்காரர் முன்கூட்டி நம்ப வேண்டிய அவசியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஃபிரான்சைஸ் எடுக்கிறவரிடம் உண்மையை மறைக்கக் கூடாது என்ற விதியை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1978-ல் கொண்டுவந்தது. 2007-ல் திருத்தி எழுதியது. பணம் கட்டும் முன், கையெழுத்திடும் முன், குறைந்தது 14 நாள்களுக்கு முன்பாக 23 பிரிவுகள் கொண்ட ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். அதில் 11-வது பிரிவு விளம்பரக் கணக்கைத் தோண்டுகிறது. நிதிக்கு யார் யார் கட்டுகிறார்கள்? கம்பெனியே நடத்தும் கடைகளும் அதே அளவு கட்டுகின்றனவா? கடந்த ஆண்டு வந்த பணத்தில் தயாரிப்புக்கு எத்தனை சதவீதம், ஊடகத்துக்கு எத்தனை, நிர்வாகத்துக்கு எத்தனை? மிச்சம் என்ன ஆனது? தணிக்கை உண்டா? கடைக்காரர் கணக்கைப் பார்க்கலாமா? புதிய ஃபிரான்சைஸ் ஆள்களைப் பிடிக்க இந்த நிதியிலிருந்து எவ்வளவு போனது?

கடைசிக் கேள்வி முக்கியமானது. 'எங்கள் குடும்பத்தில் இணையுங்கள், சொந்தத் தொழிலதிபர் ஆகுங்கள்' என்ற விளம்பரத்தால் ஏற்கெனவே கடை வைத்திருப்பவருக்கு ஒரு வாடிக்கையாளரும் கூடப்போவதில்லை. அதற்கும் அவர் காசே போனால், தன் தெருவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடை வருவதற்கு அவரே செலவு செய்கிறார் என்று பொருள்.

அமெரிக்க விதி எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறது. இப்படித்தான் நடத்த வேண்டும் என்று கட்டளையிடவில்லை. ஆஸ்திரேலியா அந்த அடுத்த அடியை வைத்தது. 2015-ல் அமலுக்கு வந்த நடத்தை விதிகளின்படி விளம்பர நிதியைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். கம்பெனியின் சொந்தக் கடைகளும் அதே அடிப்படையில் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கை தர வேண்டும். அல்ட்ரா டியூன் என்ற கார் பழுதுபார்ப்புத் தொடர் இந்த அறிக்கை விஷயத்தில் தவறியதும் சேர்ந்து, 2019-ல் அதன்மீது விதிக்கப்பட்ட அபராதம் மேல்முறையீட்டில் குறைந்த பிறகும் 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

தென் கொரியா ஓட்டுரிமையையே சட்டமாக்கிவிட்டது. 2022 ஜூலை முதல், கடைக்காரர்கள் செலவில் பங்கேற்கும் விளம்பரம் என்றால் அவர்களில் பாதிப்பேர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். தள்ளுபடி போன்ற விற்பனைச் சலுகை என்றால் 70 சதவீதம் பேர். சலுகைக்கு வாசலை உயரமாக வைத்ததில் அர்த்தம் இருக்கிறது: அது கடைக்காரரின் லாபத்தை நேரடியாகக் கடிக்கும். மலேசியாவின் 1998-ம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டமும், விளம்பரத்துக்கென்று வசூலிக்கும் பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும், அதை விளம்பரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது.

இந்தியா? ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், வணிகக் குறியீடு, போட்டி, நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சட்டங்களும்தான் துணை. 2003-ல் சேவை வரி போடுவதற்காக நிதிச் சட்டத்தில் ஃபிரான்சைஸ் என்றால் என்ன என்று விளக்கம் எழுதினார்கள். வசூலிக்க வசதியாக விளக்கம் வந்தது. கடைக்காரரைக் காக்கும் விதி இன்னும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரக் காசு யாருடைய பிராண்டை வளர்க்கிறது என்ற கேள்வியை இந்தியாவில் உரக்கக் கேட்டது வருமான வரித்துறை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் இந்தியக் கிளைகள் இங்கே அளவுக்கு மீறி விளம்பரம் செய்து தாய்க் கம்பெனியின் பிராண்டுக்கு மதிப்புக் கூட்டுகின்றன, அதற்கு ஏன் ஈடு வாங்கவில்லை என்று அது துளைத்தது. அந்த மிகைச் செலவை அளக்க வரித்துறை கையாண்ட முறையை, சோனி எரிக்சன் வழக்கில் 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. முறை தோற்றாலும் கேள்வி நல்ல கேள்விதான். பன்னாட்டுக் கம்பெனியிடம் அரசு கேட்டதை, மூலைக்கடை வைத்திருப்பவர் தன் கம்பெனியிடம் கேட்கலாம்.

நம் தெருவின் விதிகள்

கம்பெனியின் விளம்பரக் கையேடு எங்கே அச்சடிக்கப்பட்டிருந்தாலும், பலகை மாட்டுவது நம் ஊரில். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும். பிற மொழிகள் சேர்ந்தால் தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்பது அரசின் விதி. லோகோவை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்லும். தமிழ் பெரிதாக இல்லையே என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் கேட்பார். அபராத நோட்டீஸ் கடைக்காரர் பெயருக்குத்தான் வரும். தமிழ்ப் பலகைக்கான வடிவத்தைக் கம்பெனியே தயாரித்துத் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

பேனரும் அப்படித்தான். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரி மோதி இறந்த பிறகு, அனுமதியில்லாத பேனர் என்பது வெறும் அபராத விஷயம் இல்லை. கம்பெனியின் 'திறப்பு விழாக் கையேடு' நூறு அடிக்கு ஒரு பேனர் என்று சொன்னாலும், உள்ளாட்சி அனுமதி வாங்குவதும் விபரீதம் நடந்தால் பதில் சொல்வதும் கடைக்காரர். விளம்பரத்தில் சொன்ன வாக்குறுதி பொய்யாக இருந்தாலும், நுகர்வோர் முதலில் வந்து நிற்பது கடை வாசலில்.

அடுத்து நாள்காட்டி. மும்பையிலும் டெல்லியிலும் போடும் விளம்பரத் திட்டத்தில் ரக்ஷா பந்தனுக்கும் கர்வா சௌத்துக்கும் சலுகை இருக்கும். ஆடிக்கும் தைப்பொங்கலுக்கும் இருக்காது. வடக்கே தீபாவளிக்கு மறுநாள்வரை வியாபாரம் நீளும். நமக்குத் தீபாவளிக் காலையிலேயே வாங்கல் முடிந்து, கறிக்கடையில்தான் கூட்டம். பொது நிதியில் கட்டிய பணம் தன் வாடிக்கையாளரின் காதில் விழாத மொழியில், அவர் கொண்டாடாத பண்டிகைக்குச் செலவானால், அந்தக் கடைக்காரருக்கு அது விளம்பரமல்ல, வரி. கட்டிய தொகையில் ஒரு பங்கு தமிழ்நாட்டு ஊடகத்தில், தமிழில் எழுதிய விளம்பரத்துக்குச் செலவாக வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

1. பொது நிதி, வட்டாரக் கூட்டு, உள்ளூர் விளம்பரம், திறப்பு விழா: நான்கும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை சதவீதம்? கம்பெனி தன் இஷ்டத்துக்கு உயர்த்த முடியுமா?

2. சதவீதம் எதன் மீது? ஜி.எஸ்.டி. சேர்த்த விற்பனையா, சேர்க்காததா? டெலிவரி செயலியில் தரும் தள்ளுபடிக்கு முந்தைய தொகையா, பிந்தையதா?

3. விளம்பரப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கிறதா? ஆண்டுக்கு ஒரு முறை ஆடிட்டர் சான்றளித்த கணக்கு கிடைக்குமா?

4. கம்பெனியின் சொந்தக் கடைகளும் இதே விகிதத்தில் கட்டுகின்றனவா?

5. விளம்பர ஏஜென்சி கம்பெனிக்கோ, அதன் உரிமையாளர் குடும்பத்துக்கோ சொந்தமானதா? கமிஷன் எவ்வளவு?

6. புதிய ஃபிரான்சைஸ் விற்கும் விளம்பரத்துக்கு இந்த நிதியைத் தொடுவார்களா?

7. தள்ளுபடி அறிவித்தால் கலந்துகொள்வது கட்டாயமா? குறைத்த விலையில் கம்பெனியின் பங்கு என்ன? தள்ளுபடிக் காலத்தில் ராயல்டி குறையுமா?

8. உள்ளூர் விளம்பரத்துக்கு ஒப்புதல் எத்தனை நாளில்? திருவிழா உபயமும் காலண்டரும் கணக்கில் சேருமா?

9. ஒப்பந்தம் முடிந்தால் சமூக ஊடகப் பக்கம், கூகுள் பக்கம், தொலைபேசி எண் யாருக்கு?

எல்லாக் கேள்விக்கும் நீங்கள் விரும்பும் பதில் வராது. சிறிய கம்பெனிகளில் தனி நிதியே இருக்காது. ராயல்டியிலேயே விளம்பரமும் அடக்கம் என்பார்கள். அப்படியானால் ஆண்டுக்கு எவ்வளவு விளம்பரம் செய்வீர்கள் என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். பதிலோடு நின்றுவிடாமல், ஏற்கெனவே கடை நடத்துகிறவர்களில் நான்கைந்து பேரையும், கடையை மூடிவிட்டுப் போனவர் ஒருவரையாவது தேடிப்பிடித்தும் பேச வேண்டும். அமெரிக்காவில் அவர்களுடைய பட்டியலைத் தருவது கம்பெனியின் சட்டக் கடமை. இங்கே அந்த வேலை உங்களுடையது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. தனியாளாகக் கணக்குக் கேட்பவரை 'பிரச்னை பண்ணுகிறவர்' என்று கம்பெனி ஒதுக்கலாம். முப்பது கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கேட்டால் ஒதுக்க முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் இன்னொரு வாய்ப்பு. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கடையை இழக்கக் கம்பெனிக்கும் மனம் வராது.

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது ஏமாளித்தனம் அல்ல. பெயர் தெரியாத கடை ஒரு ஆண்டில் எட்டுவதை, பெயர் தெரிந்த கடை திறந்த வாரமே எட்டுவது அந்தப் பணத்தால்தான். அதற்காகத்தான் ஃபிரான்சைஸே எடுக்கிறோம். ஆனால் தனிக் கணக்கு, ஆண்டுத் தணிக்கை, சலுகைக்குச் சம்மதம் என்ற மூன்றையும் சில நாடுகள் தங்கள் கடைக்காரர்களுக்குச் சட்டமாகவே தந்திருக்கின்றன. அவற்றை இந்தியாவிலும் விதியாக்கச் சொல்லி வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதுவரை இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அது கோரிக்கை. போடும் முன் கேட்டால் நிபந்தனை.